சார்ஜ் கண்ட்ரோலர் தேர்வுக் குழு

மனித குலத்தின் இரண்டு மாபெரும் கண்டுபிடிப்புகளான நெருப்பும் சக்கரமும் மூன்று கொட்டேஷன் வாங்காமல் கொள்முதல் செய்யப்பட்டவை. அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறோம்: தீ விபத்து, சாலை விபத்து. அன்றைக்கே ஒரு குழு போட்டிருந்தால் இரண்டும் இன்னும் பரிசீலனையில் இருந்திருக்கும், உலகம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்படியொரு தவறு என் வீட்டில் நடக்க நான் விடவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் ஸ்டான்லி. ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கொள்முதல் அதிகாரி. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மேலிடத்து அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன். 1986 ஏப்ரலில், சோதனைக்கு வாங்கி மிஞ்சிப்போன சோலார் தகடுகளை அதிகாரிகளுக்குச் சலுகை விலையில் தள்ளிவிட்டார்கள். அதில் ஒன்று மல்காஜ்கிரியில் என் வீட்டு மொட்டைமாடிக்கு வந்தது. கூடவே ஒரு கார் பேட்டரி, இரண்டு சின்ன டியூப்லைட். கரண்ட் போனால் தெருவே இருண்டு கிடக்கும், என் வீட்டில் மட்டும் 'நாட்டின் எதிர்காலம்' மங்கலாக எரியும்.

ஒரே ஒரு சிக்கல். பேட்டரி நிரம்பியதும் தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஆசிட் கொதித்து, தண்ணீர் வற்றி, பேட்டரி செத்துப்போகும். இதைத் தானாகவே செய்யும் சின்னப் பெட்டிக்குத்தான் சார்ஜ் கண்ட்ரோலர் என்று பெயர். அது வரும்வரை, 'தற்காலிக ஏற்பாடாக', என் மனைவி ஜெயசுந்தரி தினமும் மதியம் மாடிக்குப் போய், பேட்டரியின் மூடியைத் திறந்து பார்த்து, குமிழ் வந்ததும் தகட்டு வயரின் கிளிப்பைக் கழற்றிவிடுவாள். காலையில் மாட்டுவதும் அவள்தான்.

அடுத்த ஏப்ரலில் செகந்திராபாத் மிஷன் பள்ளி ஒன்றிலிருந்து அவளுக்குக் கணக்கு டீச்சர் வேலை வந்தது. கல்யாணத்துக்கு முன் பார்த்த வேலை. பதினொரு வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஜூன் பன்னிரண்டு ஸ்கூல் திறக்காங்க. அன்னைக்குச் சேரலேன்னா வேற ஆளை எடுத்துருவோம்னு ஹெட்மிஸ்ட்ரஸ் செலின் சொல்லிட்டாங்க. மத்தியானம் கிளிப்பைக் கழத்த வீட்ல ஆள் இருக்காது. அந்தப் பெட்டியை வாங்கிருங்க."

"வாங்கலாம். மொதல்ல அது தேவைதானான்னு பாக்கணும்."

"யாருக்குத் தேவைன்னு? எனக்கா, பேட்டரிக்கா?"

இது ஆழமான கேள்வி என்பதால் உடனே குழு அமைத்தேன். தலைவர், நான். நிதி உறுப்பினர், எங்கள் நிறுவனத்து அக்கவுண்ட்ஸ் சுந்தரேசன். தொழில்நுட்ப உறுப்பினர், லாலாகுடா ரயில்வே பட்டறை ஃபோர்மேன் நடேசன். ஞாயிறுதோறும் என் வீட்டு ஹாலில் கூட்டம்.

முதல் கூட்டத்துக்கே தனசிங் வந்துவிட்டான். சனத்நகரில் சின்னப் பட்டறை வைத்திருப்பவன், எங்கள் சர்ச்காரன். கையோடு ஒரு தகரப் பெட்டி. கேட்காமலே மாடிக்குப் போய் மாட்டினான். பேட்டரி நிரம்பியதும் பெட்டி 'டிக்' என்றது, குமிழ் அடங்கியது.

"நூத்தி எண்பது ரூவா அண்ணாச்சி. கெட்டுப்போனா நானே வந்து பாத்துக் குடுப்பேன். மாட்டினது மாட்டினபடி இருக்கட்டுமா?"

ஜெயசுந்தரியின் முகத்தில் பல நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. நான் கடமையை மறக்கவில்லை.

"தனசிங், நீயும் நானும் ஒரே சர்ச். இன்னைக்குக் காலைல திருவிருந்துல ஒரே கிண்ணத்துல குடிச்சிருக்கோம். இது 'நெருங்கிய தொடர்பு'."

"அந்தக் கிண்ணத்துல நூத்தி இருவது பேர் குடிச்சாங்களே."

"அப்போ நூத்தி இருவது பேரும் டெண்டர்ல கலந்துக்க முடியாது."

சுந்தரேசன் கண்ணாடியைத் துடைத்தார். "அதுவும் போக இது சிங்கிள் கொட்டேஷன். விலை கம்மின்னு எதோட ஒப்பிட்டுச் சொல்றது?"

"கடையில போய்க் கேட்டுப் பாருங்க சார்," என்ற தனசிங் பெட்டியைக் கழற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்விட்டான். ஜெயசுந்தரி பழையபடி மாடிக்குப் போய்க் கிளிப்பைக் கழற்றி வைத்தாள்.

மற்ற இரண்டு கொட்டேஷன்களுக்காக மே மாதம் முழுவதையும் தேசத்துக்கு அர்ப்பணித்தோம். நாச்சாரத்தில் ஒரு கம்பெனி தொள்ளாயிரம் ரூபாய் கேட்டது, எட்டு மாதத்தில் தருவதாகச் சொல்லி அழகான படம் ஒன்றை இணைத்திருந்தது. பம்பாய் ஏஜெண்ட் ஒருவர் டாலரில் விலை எழுதியிருந்தார். பதினான்கு கட்டம் போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். அப்படியொரு பட்டியலை என் சர்வீஸில் நான் போட்டதில்லை. அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் நடேசன் கேட்டார்: "எதுலயாவது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா?"

"இந்தச் சாமானுக்கு இன்னும் தரமே வகுக்கலையாம்."

"நக்கோ சார், வேண்டாம். தரம் வகுக்காத சாமானைத் தரமான சாமான்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?"

மூன்றும் தள்ளுபடி. உள்ளேயிருந்து ஜெயசுந்தரி, "இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு," என்றாள். அவள் கணக்கு டீச்சர் என்பது அப்போதே தெரிந்தது.

ஜூன் ஏழாம் தேதி இறுதிக் கூட்டம். புதிதாக எதையும் வாங்குமுன் 'நடப்பு ஏற்பாட்டை' மதிப்பிட வேண்டும் என்பது விதி. நடேசன் இரண்டு ஞாயிறு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடிகாரம் பார்த்து, அறிக்கை எழுதியிருந்தார். வாசித்தார்:

"மின்செலவு இல்லை. ஓசை குறைவு. குமிழ் கண்ட நாற்பது விநாடிக்குள் துண்டிக்கிறது. மழை தூறினால் உத்தரவு இல்லாமலே பேட்டரியை மூடுகிறது. பழுது, இதுவரை இல்லை. கூடுதல் வசதி: இறங்கி வரும்போது குழுவுக்கு டீ."

"விலை?" என்றார் சுந்தரேசன்.

"இல்லை," என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷ சர்வீஸில் விலைக் கட்டத்தில் 'இல்லை' என்ற சொல்லை அவர் பார்த்ததே கிடையாது. நடப்பு ஏற்பாடே ஆகச் சிக்கனமானது என்றும் அதை மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். நகல் ஒன்றை ஜெயசுந்தரியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"மூணு வருஷமா?"

"திருப்திகரமா இருந்தா அஞ்சாக்கலாம்."

"பன்னிரண்டாம் தேதி எட்டே கால் பஸ்ஸுக்கு நான் போறேன். உங்க குழு என்ன வேணா தீர்மானிச்சுக்கட்டும்."

சொன்னபடியே அன்று போய்விட்டாள். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வாயில் புடவை, தோளில் பை. அன்று காலை கிளிப்பை நானே மாட்டினேன். கழற்ற வேண்டிய நேரத்தில் ஆபீசில், நேர நிர்வாகம் பற்றிய கூட்டத்தில் இருந்தேன். மறுநாளும் அப்படியே. அந்த வருஷம் மழை தாமதம், வெயில் மட்டும் குறித்த நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. மாதக் கடைசியில் நடேசன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ரயில்வே பாணியில் தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

குழு அவசரமாகக் கூடியது. "பேட்டரியே இல்லேன்னா கண்ட்ரோல் பண்ண என்ன இருக்கு?" என்றார் சுந்தரேசன். "தேவை காலாவதியாயிடுச்சு. கோப்பை மூடிடலாம். நூத்தி எண்பது ரூபா மிச்சம்." கை தட்டினோம்.

முடிவுரையை நானே எழுதினேன். மறைந்த ஏற்பாட்டுக்கு ஒரு பாராட்டும் சேர்த்தேன்: 'பதினான்கு மாதங்கள் ஒரு புகார்கூட இன்றி இயங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் கொள்முதல் செய்த எந்தக் கருவிக்கும் இந்தப் பெருமை இல்லை.' எழுதி முடித்ததும் இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்த்தேன்.

மூடும் கோப்பில் எல்லாத் தாள்களுக்கும் எண் போட வேண்டும். மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஜெயசுந்தரி சிவப்பு மையில் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். எண் போட்டுக்கொண்டே போகையில், ஒப்பீட்டுப் பட்டியலுக்குப் பின்னால், காலண்டர் தாளைக் கிழித்து அவள் எழுதிய சீட்டுகள் வந்தன. வாயால் சொல்வதைவிட இந்த வீட்டில் தாளில் எழுதினால் நடக்கும் என்று நினைத்திருக்கிறாள். மொத்தம் ஒன்பது. ஒன்றில், 'படி சுடுகிறது, மேலே ஏற முடியவில்லை.' இன்னொன்றில், 'எனக்குக் காய்ச்சல், இன்று யார் கழற்றுவது?' கடைசிச் சீட்டில்: 'ஆசிட் தெறித்துக் கை வெந்துவிட்டது. பெட்டி எப்போது வரும்?'

ஒன்பதின் கீழும், தேதியோடு, 'பார்த்தேன்' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவள் கையைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.