போலிஷ் ரீச்சர் வந்திட்டா

எனக்கு 'ஷ்' வராது. இந்த வயதில் அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. யாழ்ப்பாணத்து நாக்கு, 'பிரிட்டிஷ்' என்பதையும் 'பிரிட்டிஸ்' என்றுதான் சொல்லும். அப்படிப்பட்டவனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தது லண்டன் மோர்டனில் இருக்கும் எங்கள் சனத்தின் தவறு. (கொடுக்கவில்லை, நானேதான் பறித்தேன். அது வேறு விஷயம்.)

ரெனாட்டா ரீச்சர் போலந்துக்காரர். என் மகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார். ஆனால் அவருடைய உயிர் ஹார்ப்சிகோட் என்ற வாத்தியத்தில் இருந்தது. பார்க்கப் பியானோ மாதிரித்தான். பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கும், இதில் ஒரு சின்ன நகம் தந்தியைச் சுண்டும், அவ்வளவு மெல்லிய சத்தம். சொந்த ஊரில் மேடை மேடையாக வாசித்தவர், லண்டனுக்கு வந்து ஆறு வருடமாக எங்கள் பிள்ளைகளின் அபசுரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பங்கு ஃபாதர் ஒரு வழி சொன்னார். ஞாயிறு பின்னேரம் தேவாலய மண்டபத்தில் ஒரு கச்சேரி வைக்கட்டும், அன்று பத்துப் பேர் பெயர் கொடுத்தால் சனிக்கிழமைகளில் அங்கே ஹார்ப்சிகோட் வகுப்பு நடத்தலாம். கூட்டம் சேர்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யார் கேட்டார்கள் என்னை?

எண்பது பேர் வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்தார்களா? மட்டன் ரோல்ஸ் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு காணி விலை, கல்யாணக் கதை என்று ஒரே இரைச்சல். ரீச்சர் வாசலில் கறுப்புச் சட்டையோடு, விரல்களைத் தேய்த்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று காத்து நின்றார். "இருங்கோ" என்று உட்காரச் சொல்லி இரண்டு தரம் கெஞ்சினேன். ஒருவர் எனக்கே ஒரு ரோல்ஸை நீட்டினார்.

பொறுமை போய்விட்டது. ஒலிவாங்கியைப் பறித்துக் கத்தினேன்.

"போலிஸ் வந்திட்டா! வாசல்ல நிக்கிறா! கெதியா, கெதியா!"

(வீட்டில் ரீச்சரைப் 'போலிஷ்' என்று சுருக்கிச் சொல்லிப் பழக்கம். 'கெதியா' என்றது சீக்கிரம் உட்காரச் சொல்லி. சனத்தின் காதில் விழுந்தது பொலிஸ்.)

"ஐயோ, என்ர கார் இரட்டை மஞ்சள் கோட்டில நிக்குது!" என்று, நிறுத்தக் கூடாத இடத்தில் காரை விட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டு அன்ரன் அண்ணை பாய்ந்தார். அவர் பின்னால் அத்தனை பேரும் பாய்ந்தார்கள். காரே இல்லாத ஒருவரும் பின்கதவால் ஓடினார். ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

ரீச்சர் உள்ளே வந்தபோது மிஞ்சியிருந்தது ஃபாதர், என் மனைவி ஜெசி, நான், தள்ளுவண்டியில் தூங்கிய யாரோ ஒருவருடைய குழந்தை.

"வழக்கமாக நான் வாசித்த பிறகுதான் எழுந்து போவார்கள்" என்றார் ரீச்சர் ஆங்கிலத்தில். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது எனக்கு.

"உங்களுக்கு வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ?" என்றாள் ஜெசி.

ரீச்சர் வாசிக்கத் தொடங்கினார், எண்பது பேரும் முன்னால் இருப்பதுபோல. காரை நகர்த்தப் போனவர்கள் பொலிஸைக் காணாமல் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வெட்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் சனம் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றுதான். முடிந்ததும் அன்ரன் அண்ணை முதல் ஆளாக வந்து தன் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதினார். மொத்தம் ஒன்பது.

"பத்து எண்டுதானே சொன்னனான்" என்றார் ஃபாதர்.

ரீச்சர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெசி பேனாவை வாங்கிப் பத்தாவது பெயரை எழுதினாள். என் பெயர்!

மூன்று வருடமாகிறது. சனிக்கிழமைதோறும் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருக்கிறேன். வகுப்பில் கடைசிப் பிள்ளையும் நான்தான். பாடம் பழகினேனா என்று கேட்க வெள்ளி பின்னேரம் தொலைபேசி அடிக்கும். ரீச்சர் பாடமாக்கிய ஒரே தமிழ் வசனம் அதில் வரும்.

"ஹலோ, பொலிஸ் கதைக்கிறன்."

வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஜன்னலால் காரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான், "ஓம் ரீச்சர், வடிவாப் பழகினனான்" என்று பொய் சொல்லுகிறேன்.