ராணுவ லாரியின் சக்கரங்கள் குறித்து மைத்துனருக்கு

பொறுமைக்குப் பேர்போன மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் லாரியும் சௌக்கியம். அங்கு நீங்களும், பெட்டியோடு வந்து இறங்கியிருக்கும் உங்கள் தங்கையும் சௌக்கியமா என்று அறிய ஆவல். போன் செய்தால் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம்.

நான் ஓய்வுபெற்றதும் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ராணுவ லாரி, இரும்புச் சக்கரத்தின்மேல் கெட்டி ரப்பர் வளையம் ஒட்டிய அந்தக் காலத்து வண்டி. டியூபும் கிடையாது, காற்றும் கிடையாது. ரப்பர் பாளம் பாளமாக வெடித்துப்போய் முற்றத்தை விட்டு அசையவில்லை. "ஒண்ணு அது ஓடணும், இல்ல நான் ஓடணும்" என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். முதலில் இடதுபக்கத்துச் சக்கரங்களைப் பட்டறைக்கு அனுப்பினேன். பட்டறைக்காரர் தேய்ந்த ரப்பரை அளந்துகொண்டு, உரித்து, பசை தடவி, அதே கனத்துக்குப் புது ரப்பர் ஒட்டி, சூளையில் வேகவைத்துக் கொடுத்தார். லட்சணமாக இருந்தது. அத்தோடு விட்டேனா? வலதுபக்கத்து ரப்பரை நாமே உரித்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்று கத்தியால் கீறிப் பார்த்தேன், வரவில்லை, கொல்லையில் போட்டுத் தீ வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கொடியில் அவள் துவைத்துக் காயப்போட்ட வெள்ளை விரிப்புகள். அத்தனையும் கரி. அடுத்த வீட்டு டாக்டர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "என்ன சார், யாரையாவது எரிக்கிறீங்களா?" என்றார். "இன்னும் இல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு உங்கள் தங்கை பெட்டியை எடுத்தாள்.

மொட்டை இரும்பைப் பார்த்த பட்டறைக்காரர், "பழைய கனம் எவ்வளவு சார்?" என்று கேட்டார். எரிந்துபோனதை எப்படி அளப்பது? "தாராளமா வைங்க" என்றேன். மனிதர் வஞ்சனையில்லாமல் வைத்துவிட்டார். மாட்டிப் பார்த்தால் வண்டி சுவரில் காதை வைத்து ஒட்டுக்கேட்கிற ஆள் மாதிரி இடதுபக்கம் சாய்ந்து நிற்கிறது. ஓட்டினால் இடதுபக்கமே இழுக்கிறது, ஸ்டீயரிங்கில் தொங்கினாலும் வலதுபக்கம் திரும்புவேனா என்கிறது. முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில் அவளுடைய ரோஜாச் செடிகள் போய்விட்டன. ஆனால் மச்சான், ஓடுகிறதே! ஓட வேண்டும் என்றுதானே கேட்டாள்? நேராக ஓட வேண்டும் என்று சொல்லவே இல்லையே.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. லாரியோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது, அது எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளில்லாமல் சாப்பாடு இறங்கவில்லை, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எப்படியாவது நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவையுங்கள். லாரி இனி இருந்த இடத்தை விட்டு அசையாது, அதற்கு நான் பொறுப்பு. உங்கள் வீட்டு அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உங்கள் தங்கையே வந்துவிட்டாள். சந்தோஷத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் ரோஜாச் செடிகள் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டாள். "இதை இப்பவே பழைய இரும்புக் கடையில தள்ளிட்டு வரேன்" என்று லாரியில் ஏறிக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். இரும்புக் கடைக்குத் தெருமுனையில் வலதுபக்கம் திரும்ப வேண்டும். இடதுபக்கம் திரும்பினால் உங்கள் வீடு. வண்டி மெதுவாகத்தான் போகும் என்பதால் பால்காரரிடம் சைக்கிளில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், நானும் பின்னாலேயே ஓடி வருகிறேன். கேட்டை அகலத் திறந்து வையுங்கள். பிரேக்கைப் பற்றி மேலே எழுத மறந்துவிட்டேன்.