மாவட்டத்தில் இல்லாதவர்கள்

கடலூரில் கரையோரப் பதிவேட்டு அலுவலகம் என்று ஒன்று இருப்பது பொதுமக்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அதை மறக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள். கடலோரத்தில் யார் போட் ஓட்டுகிறார், எந்த வீட்டில் யார் யாரோடு குடியிருக்கிறார் என்பதையெல்லாம் பதிந்துவைப்பது எங்கள் பணி. நான் அங்கே இளநிலை உதவியாளர் அருண்குமார். ஆபீஸ் முடிந்த பிறகு இணையத்தில், எங்கள் ஊர் ஆற்றின் பெயரால், நான் கெடிலத்துச் சிங்கம்.

சிதம்பரத்தைச் சேர்ந்த வினோதினி என்ற பெண் 'கரையேறு' என்று ஒரு வீடியோ கேம் செய்து வெளியிட்டாள். அதில் ஒரு பெண் கடலூர் துறைமுகத்திலிருந்து போட் ஓட்டிக்கொண்டு போகிறாள். அவளுக்கு வலை பின்னித் தருகிறவர்கள் இரண்டு ஆண்கள். இருவரும் ஒரே வீட்டில் ஜோடியாக வாழ்கிறார்கள். அவ்வளவுதான், இணையம் கொதித்துவிட்டது.

'நம்ம ஊரில் பொம்பளை போட் ஓட்டுகிறாளா? ஆணும் ஆணும் குடும்பம் நடத்துகிறார்களா? இது வெளிநாட்டுச் சதி' என்று எங்கள் தரப்பு எழுதியது. 'அந்த ஜோடிக்கு மூன்றே வசனம்தான், ஆகவே வினோதினியும் பிற்போக்குவாதியே' என்று எதிர்த்தரப்பு எழுதியது. இரு தரப்பிலும் அந்தக் கேமை விளையாடிப் பார்த்தவர் யாருமில்லை என்பதால் விவாதம் தடையின்றி நடந்தது. மனு கொடுத்த அன்றே சான்றிதழ் தரும் அரசு அலுவலகம் ஒன்றும் அந்தக் கேமில் வருகிறதாம். அதை நம்பமுடியவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர்கள் நம்ம ஊரில் இல்லை என்பதற்கு எதிர்த்தரப்பில் ஒருவன் என்னிடம் ஆதாரம் கேட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் மச்சான் செந்தமிழ்செல்வன் பெயரில், என் அலுவலகத்துக்கே மனுப் போட்டேன். ஒன்று: மாவட்டத்தில் பெண் படகோட்டிகள் எத்தனை பேர்? இரண்டு: ஜோடியாக வாழும் ஆண்கள் எத்தனை பேர்? மூன்றாம் நாள் மனு என் மேசைக்கே வந்து சேர்ந்தது. மனுதாரர் யாரென்று பாராமல் நடுநிலையோடு பரிசீலித்தேன்.

பதிவேட்டில் ஒரு பெண்கூட இல்லை. இருக்க வழியுமில்லை. எங்கள் படிவத்தில் படகோட்டி பெயருக்கு முன்னால் 'திரு' என்று அச்சடித்தே வருகிறது. தேவனாம்பட்டினம் திலகவதி என்ற அம்மாள் அதை அடித்துவிட்டுத் 'திருமதி' என்று எழுதிக் கொடுத்த விண்ணப்பம் ஆறு வருஷமாக என் பீரோவில் தூங்குகிறது. அடித்தல் திருத்தல் கூடாது என்பது விதி. இரண்டாவது கேள்விக்கோ படிவத்தில் கட்டமே இல்லை.

'இல்லை, இல்லை' என்று பதில் எழுதிக் கண்காணிப்பாளர் தாண்டவராயன் சாரிடம் நீட்டினேன். சார் மஞ்சக்குப்பத்தில் பதினான்கு வருஷமாக வைத்திலிங்கம் என்பவரோடு ஒரே வீட்டில் இருக்கிறார். வைத்திலிங்கத்துக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. 'சாரோட ரூம்மேட்' என்று நாங்கள் சொல்வோம். அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை என்று யாரும் கேட்டதில்லை. சார் இரண்டாவது வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா பாத்தியாப்பா?"

"பாத்துட்டேன் சார். பதிவேட்டுல இல்லன்னா இல்லதானே சார்?"

"ஆமாமா. பதிவேட்டுல இல்ல." கையெழுத்துப் போட்டார். அவருடைய வழக்கமான கையெழுத்தைவிட அது சிறியதாக இருந்தது.

கெடிலத்துச் சிங்கம் அரசு முத்திரையோடு ஆதாரத்தை வெளியிட்டது. நாலாயிரம் லைக் வந்தது. வினோதினியின் கேமுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தள்ளினார்கள். எதிர்த்தரப்பு அந்தக் கடிதத்தின் எழுத்துரு ஆணாதிக்கமானது என்று நிறுவியது.

அந்த வாரமே திலகவதி வந்து நின்றாள்.

"தம்பி, திங்கக்கெழமையிலேர்ந்து பதிவு இல்லாதவங்க போட்டை துறைமுகத்துக்குள்ள வுடமாட்டாங்களாம். வூட்டுக்காரர் படுத்த படுக்கையா கெடக்காரு. நான் ஓட்டுனாதான் வூட்ல அடுப்பு எரியும். என் மனு இன்னா ஆச்சு?"

பீரோவைத் திறந்தேன். ஆறு வருஷமாக முடிவெடுக்க முடியாத கோப்பு அது. இப்போது வழி பிறந்துவிட்டது. 'இம்மாவட்டத்தில் பெண் படகோட்டிகள் எவரும் இல்லை என இவ்வலுவலகமே சான்றளித்துள்ளதால், தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது' என்று அங்கேயே எழுதி, சான்றின் நகலையும் இணைத்துக் கொடுத்தேன்.

அவள் இரண்டு முறை படித்தாள். "ஏந்தம்பி, இருவது வருஷமா போட் ஓட்டுறேன். அப்ப நான் யாரு?"

"அது இந்த ஆபீஸ் வரம்புல வராதும்மா."

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு டீ குடித்ததும் சரியாகிவிட்டது.

திங்கட்கிழமை துறைமுக வாசலில் அதிகாரி அவளை மறித்து, அபராதம் எழுத நோட்டைத் திறந்தார். அவள் எங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினாளாம். "பொம்பள யாரும் போட் ஓட்டலன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்குது சார். அப்ப ஃபைன யாருக்குப் போடுவீங்க?" அவர் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லாத ஆளுக்கு அபராதம் போட நோட்டில் இடமில்லை. போட் உள்ளே போய்விட்டது.

மறுநாள் எங்கள் வாசலில் முப்பது பெண்கள். எல்லாருக்கும் அந்த 'இல்லை, இல்லை' கடிதத்தின் நகல் வேண்டுமாம். அதற்கடுத்த நாள் ஆண்களும் வந்தார்கள். "தம்பி, எனக்கும் இல்லன்னு ஒண்ணு எழுதிக் குடுப்பா. இருக்கறதுலதான் தொந்தரவு ஜாஸ்தி" என்றார் சுப்பராயலு என்ற பெரிய போட்காரர். இருப்பதற்குச் சான்று வாங்க இவ்வளவு கூட்டம் நாங்கள் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை அந்த வரிசையில் வைத்திலிங்கம் நின்றிருந்தார். சிப்காட் சீருடை, கையில் தொழிற்சாலை ஹெல்மெட்.

"எனக்கும் ஒரு காப்பி குடுங்க தம்பி."

"நீங்க போட் ஓட்டுறதில்லயே சார்?"

"மொத வரி அவுங்களுக்கு. ரெண்டாவது வரி எனக்கு."

நகல் எடுத்தேன். உண்மை நகல் என்று கண்காணிப்பாளர் சான்றளித்தால்தான் செல்லும். தாண்டவராயன் சாரிடம் கொண்டுபோனேன். தலை நிமிராமல் நகலை வாங்கிப் பேனாவை எடுத்தவர், கதவருகே நிற்பது யாரென்று பார்த்துவிட்டார். பேனா அப்படியே நின்றது.

"போடுங்க சார். உங்க கையெழுத்துதானே" என்றார் வைத்திலிங்கம். பதினான்கு வருஷத்தில் அவர் இவரை 'சார்' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சார் போட்டார். நான் முத்திரை குத்தினேன். வைத்திலிங்கம் நகலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று அவர் மஞ்சக்குப்பம் வீட்டுக்குப் போகவில்லை, பண்ருட்டி பஸ்ஸில் ஏறினார் என்று பியூன் அந்தோணிசாமி சொன்னார். சார் சாயங்காலம்வரை எந்தக் கோப்பையும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தேன். எதிர்த்தரப்பில் ஒருவன் கேட்டிருந்தான்: 'கெடிலத்துச் சிங்கமே, பதிவேட்டை விடு. நீ உன் கண்ணால் இப்படி யாரையாவது பார்த்திருக்கிறாயா?'

கொஞ்சநேரம் யோசித்தேன். பிறகு, 'சத்தியமாக இல்லை' என்று எழுதினேன். தொள்ளாயிரம் லைக் வந்தது. முதல் லைக் தாண்டவராயன் சாருடையது.