என்னைத் தவிர எல்லோரையும் பதிவு செய்த கருவி

அன்பும் பொறுமையும் ஒருங்கே உடைய என் மச்சானுக்கு, உன் பெரியக்காவைக் கட்டிக்கொண்டு இன்றுவரை தாக்குப்பிடித்து வரும் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். என் முதுகுவலி என்னைவிட நலம். அங்கே நீயும், உன் மனைவியும், நீ வேலை பார்க்கிற ஒலிபெருக்கிக் கடையும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கடையில் நீ தூங்குகிற மூலையும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். போனில் பேசினால் உன் அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்பாள், அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். சோபா தைக்கிற ஊசி பிடித்த கை, எழுத்து மேலும் கீழுமாகத்தான் போகும், நீதான் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் சின்னக்கா புருஷன்மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அவர் என் சகலை. கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார், கீபோர்டு வாசிக்கிறார், தலை நிறைய முடி வைத்திருக்கிறார், இதற்கெல்லாம் நான் என்ன செய்ய முடியும். ஆனால் போன மாதம் அவர் தன் கச்சேரியைத் தானே பதிவு செய்து குடும்பத்தில் எல்லோர் போனுக்கும் அனுப்பி வைத்தார் பார், அன்று பிடித்தது எனக்கு நெஞ்செரிச்சல். உன் அக்கா துணி மடிக்கும்போது அதைப் போடுகிறாள், காய் நறுக்கும்போது போடுகிறாள், நான் பேச வாயைத் திறந்தால் சத்தத்தைக் கூட்டுகிறாள். ஒருநாள் நான் தட்டில் கை வைத்தேன், வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “கேளுங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. ஒவ்வொரு விரலும் தனித்தனியா கேக்குது” என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும்தான் டிரம்ஸ் வாசிக்கிறேன். எனக்குக் கை இருக்கிறதா என்றுகூட அவள் கேட்டதில்லை, அவருக்கு விரல் விரலாகக் கேட்கிறது. சரி, அப்படிப்பட்ட பதிவுக் கருவியை அவருக்கு யார் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள் என்று விசாரித்தேன். நீ. என் கல்யாணத்தில் என் மடியில் உட்கார்ந்து மூக்கை என் புதுச் சட்டையில் துடைத்த நீ.

இது வெறும் வீட்டுச் சண்டையாக இருந்தால் நான் உனக்குக் கடிதம் எழுதி உன் தூக்கத்தைக் கெடுத்திருக்க மாட்டேன். பெரிய சாலையில் ஒரு மாடியில் புதிதாக உணவகம் திறந்திருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அங்கே வாசிக்க ஒரு குழு வேண்டுமாம். அதன் மேலாளர், ஸ்டுடியோவில் உட்கார்ந்து பூசி மெழுகியதெல்லாம் வேண்டாம், ஜனங்கள் முன்னால் வாசித்ததை அப்படியே பதிவு செய்து கொண்டுவாருங்கள் என்று எங்கள் குழுவிடமும் சொல்லிவிட்டார், சகலை குழுவிடமும் சொல்லிவிட்டார். எங்கள் குழுவை உனக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் தொண்டையைச் செருமுவதால் நாங்கள் ‘இருமல்’ என்று கூப்பிடும் மருந்துக்கடைக்காரர் பாடுகிறார். தண்ணீர் மீட்டர் பார்க்கிற ‘மீட்டர்’ கிடார். அவர் தம்பி பேஸ் கிடார். பின்னால் நான். இந்தச் சனிக்கிழமை வேலை கிடைக்காவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டு அவரவர் பிழைப்பைப் பார்ப்போம் என்று இருமல் சொல்லிவிட்டார். கலைந்தால் எனக்கு மிச்சம் சோபாவும் உன் அக்காவும்தான். அதைவிட மோசம், வேலை சகலைக்குக் கிடைத்தால் வாராவாரம் உன் அக்கா என்னைக் குளிப்பாட்டி, அயர்ன் பண்ணின சட்டை போட்டு, அவர் விரல்களுக்கு எதிரில் கொண்டுபோய் உட்கார வைப்பாள்.

ஆகவே குறைந்த செலவில் நாங்களே பதிவு செய்வது என்று முடிவெடுத்தோம். முதலில் என் போன். ஒரு அச்சகத்து விழாவில் அதை எதிரே ஜன்னலில் சாய்த்து வைத்து வாசித்தோம். கேட்டுப் பார்த்தால், நான் ஒரு அடி அடிக்கிறபோதெல்லாம் மற்ற மூன்று பேரும் பயந்துபோய்ச் சுவரோரம் ஒதுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை, இருமலுக்குத்தான் பிடிக்கவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் அடக்கினால் சரியாகிவிடும் என்று அடுத்த கச்சேரிக்கு என் தொழிலைக் காட்டினேன். நல்ல ஃபோம் எடுத்து, போனுக்கு அளவெடுத்து, மேலே மெரூன் ரெக்சின் போட்டு, ஓரத்தில் பைப்பிங் வைத்து, நடுவில் பட்டன் அடித்து ஓர் உறை தைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் விலை கேட்டார்கள். பதிவு என்னவோ, பக்கத்து வீட்டுக்காரர் போர்வைக்குள் ரேடியோ வைத்துக் கேட்கிற மாதிரி வந்தது, அதுவும் பாதிவரைக்கும்தான், பிறகு போன் உள்ளே சூடேறி மயங்கிவிட்டது. அதை வெளியே எடுப்பதற்குத் தையலைப் பிரிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒரு கவனக்குறைவில் நான்கு பக்கமும் தைத்துவிட்டேன்.

அதற்கடுத்த முறை கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு போட்டோக்காரரிடம் கையடக்கமான ஒரு பதிவுக் கருவியைக் கெஞ்சி வாங்கினேன். தலையில் பூச்சிக்கு இருக்கிற மாதிரி இரண்டு மைக் நீட்டிக்கொண்டிருக்கும், உனக்குத் தெரிந்திருக்கும். கச்சேரி எங்கே நன்றாகக் கேட்குமோ அங்கே அதை வைக்க வேண்டும் என்று அவர் சொன்னார். முன்வரிசையில் நடு நாற்காலியை அதற்கென்று ஒதுக்கி, யாரும் உட்காராதபடி ஒரு துண்டையும் விரித்தேன். அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார்கள். இவர் பல் பிடுங்கிக்கொண்ட கதையைக் கருவிக்கு மேலாக அவருக்குச் சொன்னார். முழுக் கதையும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது, பின்னணியில் நாங்கள் வாசிக்கிறோம். கடைவாய்ப்பல் வெளியே வருகிற இடத்தில் சரியாக என் டிரம்ஸ் உருட்டு வந்து விழுந்தது, அது ஒன்றுதான் பொருத்தமாக இருந்தது.

இதற்குமேல் மானம் பார்த்தால் ஆகாது என்று சகலையின் கச்சேரிக்கே போனேன். பாட்டுக் கேட்கப் போகவில்லை, ஒயர் பார்க்கப் போனேன். எல்லா மைக் ஒயரும் வந்து சேருகிற மிக்ஸர் மேஜையைச் சுற்றி நான் இரண்டு தடவை வந்ததைப் பார்த்துவிட்டார்.

“என்னண்ணே, இங்கேயே நிக்கிறீங்க? முன்னாடி சீட் போட்டு வச்சிருக்கேனே.”

“இல்ல சகலை, ஒயரெல்லாம் அழகா சுருட்டி வச்சிருக்கீங்க, அதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் காட்டினார். மிக்ஸரிலிருந்து வெளியே வருகிற லைனை எடுத்து, கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்புக் கருவியில் சொருகியிருக்கிறார், அவ்வளவுதான், கூட்டத்துச் சத்தம் ஒரு பொட்டு வராது, இருமல் தும்மல் பல்வலி எதுவும் வராது. நீங்களும் ஒண்ணு வாங்கிக்குங்கண்ணே, ரொம்ப செலவில்ல என்றார். மனுஷன் எதையும் மறைக்கவில்லை மச்சான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறைத்திருந்தால் வீட்டுக்குப் போய்த் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

மறுநாளே பழைய பொருள் கடையில் அதே மாதிரி ஒன்றை என் சக்திக்கு ஏற்ற விலையில் வாங்கிவிட்டேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ அவரிடம் சொல்லுவாய், அவர் வந்து எனக்கு உதவி செய்வார், அந்தக் கொடுமையை யார் தாங்குவது. மேலும் இதில் எரிகிற சிவப்பு விளக்கு அவருடையதைவிடப் பெரிசு. அந்த வாரமே ஒரு கூட்டுறவுச் சங்கத்து ஆண்டுவிழாவில், சிறிய ஹால்தான், வாடகை ஸ்பீக்கர்காரரின் மிக்ஸரில் இதைச் சொருகிவிட்டு உட்கார்ந்தேன். அன்று நான் வாசித்த மாதிரி என்றைக்கும் வாசித்ததில்லை. கூட்டத்தைப் பார்க்கவில்லை, குச்சியைப் பார்க்கவில்லை, அந்தச் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்து வாசித்தேன். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும்.

என் கடையில், பாதி தைத்த சோபாவில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கேட்டோம். இருமல் குரல் பட்டு மாதிரி வருகிறது. மீட்டரின் கிடாரில் கம்பி கம்பியாக எண்ணலாம். தம்பியின் பேஸ் வயிற்றைத் தடவிக் கொடுக்கிறது. நான் இல்லை.

இருமல் கண்ணை மூடித் தன் குரலை ரசித்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சரி, நான் எங்கய்யா?” என்றேன்.

“இருக்கீங்கண்ணே. பின்னாடி யாரோ கடிகாரத்துக்கு சாவி கொடுக்கற மாதிரி கேக்குதே, அது நீங்கதான்” என்றார் மீட்டர்.

சரி, இவர்கள் பொறாமைக்காரர்கள் என்று வீட்டுக்குக் கொண்டுபோய் உன் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு, கடைசிவரை கேட்டாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

“ரொம்ப நல்லா இருக்குங்க. அன்னைக்கு நீங்க போகலையா?” என்றாள்.

கருவி பழுது என்று முடிவு கட்டி, விற்றவனை ஒரு கை பார்ப்பதற்கு முன்னால் ஸ்பீக்கர்காரரைப் பிடித்தேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, மிக்ஸருக்குள் எது போகிறதோ அதுதான் வெளியே வரும், உங்கள் டிரம்ஸுக்கு மைக்கே வைக்கவில்லையே என்றார். ஏன் வைக்கவில்லை என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். “நீங்கதானே சொன்னீங்க, எனக்கெதுக்கு மைக்கு, நான் அடிச்சா மூணாவது தெரு வரைக்கும் கேக்கும்னு” என்றார். சொன்னேன்தான். இப்போதும் கேட்கும். மூன்றாவது தெருவில் கேட்கிறது, பதிவில்தான் கேட்கவில்லை. சகலைக்கு அந்தத் தொல்லையே கிடையாது, அவருடைய டிரம்ஸும் அதே கீபோர்டிலிருந்து பொத்தானை அமுக்கினால் வருகிறது, ஒயர் வழியாகவே மிக்ஸருக்குப் போய்விடுகிறது. நீ அவருக்கு அவர் அளவுக்குச் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறாய். நான் அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, கை நுழையவில்லை என்று நிற்கிறேன். அளவெடுத்துத் தைக்கிறவனுக்கு இது வெட்கம்தான், ஆனால் இதை நீ வெளியே சொல்லாதே.

இதில் இன்னொரு கூத்து. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருமல் அந்த நான் இல்லாத பதிவைக் கொண்டுபோய் உணவக மேலாளரிடம் கொடுத்துவிட்டார். கேட்டால், சும்மா மாதிரிக்குத்தானே, டிரம்ஸ் வந்ததும் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்கிறார். மேலாளர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அதற்குள் எங்களுக்கு ஒரு கச்சேரி இருக்கிறது, அதில் முழுசாகப் பதிவு செய்து கொடுத்துவிட வேண்டும். ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். மிக்ஸரிலிருந்து வருகிற லைனையும், தனியாக வைக்கிற இரண்டு மைக்கையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்கிற கருவியாகப் பார். அது எல்லாவற்றையும் தனித்தனித் தடமாகப் பதிவு செய்ய வேண்டும், அப்போதுதான் பிறகு உட்கார்ந்து இருமலைக் கொஞ்சம் இறக்கி என்னைக் கொஞ்சம் ஏற்ற முடியும். கொஞ்சம் என்றுதான் சொல்கிறேன். பேட்டரியிலும் ஓட வேண்டும், ஏனென்றால் பாட்டுக்கு நடுவில் யாராவது வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனை சார்ஜ் போடுகிறார்கள். மைக் இரண்டும் என் அடி தாங்குகிறதாக இருக்கட்டும், ஒன்றை என் தலைக்கு மேலே நிறுத்த உயரமான ஸ்டாண்டு வேண்டும். யாராவது கொஞ்ச நாள் உபயோகித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது இருந்தாலும் சரி, கீறல் இருந்தால் நான் ரெக்சின் ஒட்டிக்கொள்கிறேன். எல்லாவற்றையும்விட முக்கியம், சகலை கருவியில் எத்தனை ஓட்டை இருக்கிறதோ அதைவிட ஓர் ஓட்டையாவது இதில் அதிகம் இருக்க வேண்டும். அது எதற்கு என்று கேட்காதே. ஒயர் சொருகாவிட்டாலும் ஓட்டை இருக்கட்டும். இந்த விஷயம் அவர் காதுக்கும் போகக்கூடாது, உன் அக்காமார் காதுக்கும் போகக்கூடாது.

உன் வீட்டில் விளக்கும் விசிறியும் தடங்கலில்லாமல் ஓடட்டும். உன் முதலாளி உன் மூலைக்கு வராதிருக்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. உன்னையும் உன் குடும்பத்தையும் நீண்ட காலம், நல்ல தாளத்தோடு வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் பெரிய அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து ஒட்டப் போகிற நேரத்தில் இருமல் மூச்சிரைக்க ஓடி வந்தார். சனிக்கிழமை வேலை எங்களுக்கே கிடைத்துவிட்டது. பதிவைக் கேட்ட மேலாளர், “இப்படி ஒரு குழுவத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். டிரம்ஸே இல்லாம எவ்வளவு இதமா இருக்கு, சாப்பிடறவங்க நிம்மதியா பேசிக்கலாம். இந்த மூணு பேரும் இப்படியே வரட்டும்” என்று சொல்லிவிட்டாராம். இருமல் இதை என்னிடம் சொல்லும்போது துக்கமாக முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. அவர் போன கொஞ்ச நேரத்தில் சகலை வந்தார். அவரும் வேலை கிடைக்காமல் போன கடுப்பில் இருந்தார். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பதிவை மறுபடியும் போட்டு, இருமலுக்கு எங்கெங்கே சுருதி விலகுகிறது என்று ஒவ்வோர் இடமாகக் கண்டுபிடித்தோம். நான் தவறவிட்ட இடங்களைக்கூட அவர் பிடித்துவிட்டார். இவ்வளவு அருமையான மனுஷனைப் பற்றி நான் மேலே எழுதியிருப்பதை நீ படித்திருக்கவே கூடாது. படித்தது படித்துவிட்டாய், நான் கோடு போட்டு அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். கருவி, மைக், ஸ்டாண்டு எதுவும் அனுப்ப வேண்டாம். இருமல் உன் கடை விலாசத்தை என்னிடமே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், பாடுவதற்கு நல்ல மைக்காக ஒன்று வேண்டுமாம். வந்தால் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடு, மரியாதையாகப் பேசு. யாரும் வாங்காமல் ரொம்ப நாளாக ஒரு மைக் அலமாரிக்குப் பின்னால் கிடக்கும் பார், அதைத் துடைத்து, நல்ல பெட்டியாகப் பார்த்துப் போட்டுக் கொடு.