சிமுகொண்டாவின் வெள்ளைப் பலகை

டஸ்டரால் நாலாவது முறை தேய்த்தும் வெள்ளைப் பலகையை விட்டுத் திங்கட்கிழமைப் பாடம் போகவில்லை. நிழலாக நின்றுகொண்டிருந்தது. பொறுப்புத் தலைமையாசிரியர் சிமுகொண்டா ஐந்தாவது முறையும் தேய்த்துப் பார்த்தார்.

லுண்டாசி ஊர்ப் பக்கத்தில் அந்தப் பள்ளிக்கு வந்த முதல் வெள்ளைப் பலகை அது. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் சிந்தலா வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் 'பொறுப்பு' என்ற சொல் சிமுகொண்டாவை விட்டுத் தொலையும். இரண்டு வருடமாக அந்த ஒரு சொல்லோடு மனிதர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

துணைத் தலைமையாசிரியை கபாசோ அம்மாள் வந்து பார்த்தார். சட்டிக் கரி போகச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதில்லையா என்றார். தேய்த்தார்கள். எழுத்து கொஞ்சம் மங்கியது. பலகை முழுக்கக் கீறல்.

கீறலை மறைக்க, வகுப்பறைத் தரைக்குப் போடும் சிவப்புப் பாலிஷை எடுத்தார் சிமுகொண்டா. பளபளப்பு வரும் என்று நினைப்பு. பலகைக்கு அம்மை வார்த்த மாதிரி ஆயிற்று.

சிவப்பை எடுக்கப் பெயிண்ட் கரைக்கும் தின்னர். சிவப்பு போயிற்று, வாஸ்தவம். ஆனால் ஆறின கஞ்சியின் ஆடை மாதிரி மேலெல்லாம் சுருக்கம் விழுந்துவிட்டது. பாவம், சிமுகொண்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பேசாம ஒத்துக்கிடுங்க சார். பாதிக் கோபம் குறைஞ்சிடும்," என்றார் கபாசோ அம்மாள்.

"பாதி உத்தியோகம் கொடுப்பாங்களா அம்மா?"

வியாழன் மாலை வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். மழைக்காலம். விடிந்தும் காயவில்லை. ஜீப் சத்தம் கேட்டதும் கபாசோ அம்மாள் பாவாடைக்கு மேல் சுற்றியிருந்த சித்தெங்கே துணியை அவிழ்த்துப் பலகையை மூடிவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. மூடி வைத்த எதையும் பெரிய மனிதர் கையால் திறந்து வைப்பதுதான் அந்த ஊர் வழக்கம். இன்ஸ்பெக்டர் துணியைப் பார்த்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கல்வியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். ஆசிரியைகள் குலவையிட்டார்கள். சிமுகொண்டாவுக்கு அது ஒப்பாரியாகக் கேட்டது.

"ஐயா, திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை," என்றார். "பலகையை நான்தான் பாழாக்கிட்டேன். பிள்ளைங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

இன்ஸ்பெக்டரின் முகம் இறுகியது. துணியைப் பிடித்து இழுத்தார். ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்ட துணி வரவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தார். சர்ரென்று வந்தது. துணியோடு, பலகையின் அளவுக்கே கம்பெனி ஒட்டி அனுப்பிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளும் பெயிண்ட், கீறல், சுருக்கம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு உரிந்து வந்தது. அடியில், கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி, பலகை பளீரென்று இருந்தது.

வாசலில் நின்ற ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"அப்போ ஐயா, எழுத்து அழியலன்னு நம்ம ஆபீஸ்ல நீங்க தூக்கிப் போடச் சொன்ன மூணு பலகையும் நல்ல பலகைதான்."