டார்ச்சுக்குக் கட்டை தேடிய விவரம்

இராயபுரம்,
உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் பிராங்கிளினுக்கு,

ஆண்டவர் துணையால் நானும் உன் அக்கா ஃப்ளோராவும் நலம். நீ நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் துபாயில் நீ பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படத்தை நேற்றுதான் போனில் பார்த்தேன் என்பதால் அந்தக் கேள்வியை இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்பாய். போனில் பேசினால் உன் அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, நான் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்ல, விஷயம் எங்கேயோ போய்விடுகிறது. இது அப்படிப் போகவிடக்கூடிய விஷயம் இல்லை. நான் பார்த்ததை யாராவது ஒருவருக்கு முழுதாக எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உன்னோடு அறையில் தங்கும் ரஞ்சித் ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அவனிடம் கொடுத்தனுப்பிய டார்ச் லைட் வந்து சேர்ந்தது. வந்தது லைட் மட்டும்தான். உள்ளே இருந்த பேட்டரிக் கட்டையைப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றக்கூடாது என்று எடுத்துவிட்டார்களாம். நீ ஏன் அனுப்பினாய் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் மாடிப்படியில் பல்பு இல்லை. வீட்டுக்காரர் போடுவார் என்று நானும், நான் போடுவேன் என்று வீட்டுக்காரரும் இருக்கிறோம். போன டிசம்பரில் நான் போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டே உன் அக்காவை இறக்கி வரும்போது, நடுப்படியில் நீ போன் செய்தாய். நான் மரியாதையாகப் போனைக் காதில் வைத்தேன். வெளிச்சம் கூரைக்குப் போய்விட்டது, உன் அக்கா கீழ்ப்படிக்குப் போய்விட்டாள், மணிக்கட்டு முறிந்தது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மாவுக்கட்டுப் பிரித்து மாதக்கணக்கான பிறகும் பொழுது சாய்ந்தால் அவள் வாசற்படி தாண்டவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கோவில் பாடகர் குழுவில் பாடினவள், கிறிஸ்துமஸுக்கும் பாடவில்லை, தவக்காலத்திலும் பாடவில்லை. வீட்டில் கூட வாய்க்குள் ஒரு முணுமுணுப்பு இல்லை, மச்சான். சமையலறை அவ்வளவு அமைதியாக இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. "பாஸ்காவுக்கு நான் வரல. நீ போய்ட்டு வா. நான் டிவில பாத்துக்கறேன்" என்று அவள் சொன்ன அன்றுதான், இந்த டார்ச்சுக்குச் சரியான கட்டை போட்டு இவளை உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பாஸ்கா இரவுக்குள் படியிறக்குவது என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று முடிவு செய்தேன்.

முதலில் முனைக்கடையில், கடிகாரத்துக்குப் போடும் சாதாரணக் கட்டை வாங்கினேன். மொட்டைமாடிக்குப் போய் எதிர்வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. நல்ல வெயில் நேரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்ல விளக்கு வெயிலைக் கண்டு பயப்படுமா? இது பெண்டாட்டியை நம்பி ஒப்படைக்கிற கட்டை இல்லை என்று அங்கேயே தீர்மானித்து, அதைக் கொண்டுவந்து, கட்டையில் ஓடும் எங்கள் வாசல் காலிங் பெல்லுக்குப் போட்டுவிட்டேன். பிறகு யானைக்கவுனிக்குப் போனேன். அங்கே ஒரு சந்து முழுக்கக் கட்டைகள், மச்சான்! பச்சை, சிவப்பு, தங்க நிறம், மூட்டை மூட்டையாக. துறைமுகத்தில் கப்பல் கப்பலாக இறக்கினவன் நான், எனக்கே தலை சுற்றியது. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். ஆயிரம், இரண்டாயிரம் என்று போய்க்கொண்டே இருந்து, ஒன்றின் மேல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று இருந்தது. எண் பெரிதானால் பலம் பெரிது, அவ்வளவுதானே? கடைக்காரரிடம் இது எப்படி என்று கேட்டதற்கு, "பெரிசு, இத்த போட்டு நீ அடிச்சேன்னு வையி, ஹார்பர் லைட் ஹவுஸ் வெக்கப்பட்டு அணைஞ்சுபூடும்" என்றார். பேரம் கூடப் பேசாமல் வாங்கினேன். அன்று சாயங்காலமே உன் அக்காவுக்குத் தெரியாமல் படியில் ஒத்திகை பார்த்தேன். வாசலில் எரிந்தது, முதல் திருப்பத்தில் எரிந்தது, இரண்டாவது திருப்பத்தில் ஒரு சத்தம் கூட இல்லாமல் செத்துப்போனது. சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து உன் அக்கா எட்டிக்கூடப் பார்க்காமல், "எறங்கிட்டியா, இல்ல அங்கயே நின்னுகினு கீறியா?" என்று கேட்டாள். ஜெபம் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

செத்த கட்டையை எடுத்துக்கொண்டு புளியந்தோப்புக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். அங்கே தாஹிரா என்று ஒரு பெண், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறது. பயங்கர வாய். கட்டையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்ததுமே சிரித்துவிட்டது. பிளேடால் அறுத்துக் கவிழ்த்தது. உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஏதோ ஒன்று, மீதியெல்லாம் வெள்ளைப் பொடி. "நைனா, உனக்கு மாவு வித்துகீறான். தோசை ஊத்தலாம், லைட் எரியாது" என்றது. கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், வேறென்ன செய்வது. பிறகு அது ஒரு கட்டையை எடுத்து வைத்தது. பார்த்தால் கடிகாரக் கட்டை மாதிரியே இருந்தது. அதே உயரம், அதே பருமன். "சைசுதான் ஒண்ணு, குணம் வேற. இது லித்தியம். ஒன் டார்ச்சு சாதாக் கட்டையும் சாப்புடும், இத்தயும் சாப்புடும். ஆனா வூட்ல வேற எதுலயும் இத்தப் போட்டுடாத. இன்னொண்ணு, பாக்கெட்ல போட்டுகினு போறப்ப பின்மூடிய அரைத் திருகு லூஸ் பண்ணி வெச்சுக்க. இல்லாங்காட்டி பட்டன் அமுங்கி அதுவா எரிஞ்சுகினு கெடக்கும்" என்றது. சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி, டார்ச்சில் போட்டு அழுத்தியது. மச்சான், நான் சும்மா சொல்லவில்லை, அந்தக் கடையில் தொங்கிய ஒவ்வொரு ஒயரும், ஒவ்வொரு ஆணியும், கூரையில் பல்லி ஒன்று வாயைத் திறந்ததும் எனக்குத் தெரிந்தது. நாற்பது டன் பெட்டியைத் தூக்கும் கிரேனுக்கு ஒரு கட்டடம் அளவுக்கு மோட்டார் வேண்டும். இதுவோ என் விரலுக்குள் அடங்குகிறது! படைத்தவனையும் படைத்தவன் கண்டுபிடிக்கவைத்தவர்களையும் நினைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். கட்டை இரண்டும் சார்ஜரும் வாங்கினேன்.

ஒன்றை டார்ச்சில் போட்டு, மற்றொன்றைப் பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். அங்கேதான் வினை. மணிக்கு மணி மாதா பாட்டுப் பாடும் சுவர்க்கடிகாரம், எங்கள் கல்யாணத்துக்கு நீ வாங்கிக் கொடுத்தாயே, அது நின்றுபோயிருந்தது. உன் அக்கா டப்பாவைத் திறந்து, கண்ணில் பட்ட கட்டையை எடுத்து அதில் போட்டுவிட்டாள். மத்தியானம் அது பாடியது பார், என் ஆயுசுக்கும் மறக்காது. ஐந்து நிமிஷப் பாட்டை மூச்சே விடாமல் படபடவென்று பாடி முடித்து, ஒரு கருகல் வாடை விட்டு, முள்ளெல்லாம் அசையாமல் நின்றுவிட்டது. கட்டையும் அதோடு போனது. உன் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கடியாரத்தயே இந்தப் பாடு படுத்திச்சே, இத்த நீ நெஞ்சுல வெச்சுகினு சுத்துனா இன்னா ஆவறது? வேணாய்யா, இந்தப் பிசாசு" என்றாள். எனக்கோ அந்தக் கட்டை மேல் மரியாதை இன்னும் ஏறியது. பாட்டுக்கே இந்த வேகம் என்றால் வெளிச்சத்துக்கு எப்படி இருக்கும்!

பெரிய சனிக்கிழமை வந்தது. இந்த வருஷம் பெரியவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று பாஸ்காவைப் பொழுது சாய்ந்ததுமே வைத்துவிட்டார்கள். நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, துறைமுகக் காலத்திலிருந்து நான் வைத்திருக்கும் சிவப்புக் கைக்குட்டையில் டார்ச்சைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். உன் அக்கா வந்தாள். சேலை கட்டியிருந்தாள், ஆனால் வாசற்படியில் கால் வைக்கவில்லை. நான் கைக்குட்டையைப் பிரித்து டார்ச்சை அழுத்தினேன். வெளிச்சம் வந்தது. நான் முன்னால் ஒரு படி இறங்கி, அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாகவே படி படியாக வெளிச்சம் காட்டிக்கொண்டு போனேன். அவள் ஒரு கையை என் தோளில் வைத்துக்கொண்டாள். மச்சான், அவள் மூக்குத்தியும் நெற்றி வேர்வையும் புருவத்தில் ஒரே ஒரு நரைமுடியும் அந்த வெளிச்சத்தில் எனக்கு அப்படித் தெரிந்தன. கண்களைத் தாழ்த்தி, பக்தியோடு, ஒரு படிகூடத் தடுமாறாமல் இறங்கினாள். கீழே வந்ததும் டார்ச்சை அணைத்து, திரும்பவும் சிவப்புக் கைக்குட்டையில் சுற்றினேன். சட்டைப் பையில் வைக்கும்போது தாஹிரா சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் முப்பது வருஷம் கிரேனில் இருந்தவன், ஒரு திருகைத் தளர விட்டுவிட்டு எப்படிப் போவேன்? நன்றாக ஒரு முறுக்கு முறுக்கித்தான் வைத்தேன்.

கோவிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார்கள். வெளியே முற்றத்தில் புதுத் தீ மூட்டி, பெரிய மெழுகுதிரி ஏற்றி, சாமியார் அதை இருட்டுக்குள் ஏந்தி வருவதற்காக அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம். உன் அக்கா கையிலிருந்த சின்ன மெழுகுதிரி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். முன்பெஞ்சு என் நெஞ்சில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தால், பக்கத்துப் பெஞ்சில் சிலுவையம்மாள் முகம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. அந்தம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நான் பதற, அந்தம்மா என் நெஞ்சைப் பார்த்துப் பதறுகிறது. "என் ஆண்டவரே! லூயிசு அண்ணன் இருதயம் எரியுது!" குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டைக்குள், இடது பக்கம், சிவப்பாக, எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் இயேசுவின் திருஇருதயப் படத்தில் எப்படியோ அப்படியே! சிலுவையம்மாள் முழங்காலில் விழுந்து, "அண்ணே, என் முட்டிவலிய மட்டும் எடுத்துரு" என்று என் காலைப் பிடித்துக்கொண்டது. பின்னால் பெஞ்சு பெஞ்சாக ஆட்கள் முழங்காலிடும் சத்தம். அணைப்பதற்காகச் சட்டைக்கு மேலேயே பொத்தானை அழுத்தினேன். அந்தப் பொத்தானுக்கு இரண்டாவது அழுத்தில் ஒரு குணம் இருக்கிறது என்று நீ சொல்லவே இல்லையே! விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. இருதயம் துடிக்க ஆரம்பித்துவிட்டது, மச்சான்! வாசலில் சாமியார் மெழுகுதிரியோடு வந்தவர், பாட வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்றுவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் நானே நம்பிவிட்டேன்.

அப்போது உன் அக்கா அவள் கையை எடுத்து என் பையின் மேல் பொத்தினாள். முறிந்த கையை. வெளிச்சம் அவள் விரல்களுக்குள் புகுந்து, ஒவ்வொரு விரலும் உள்ளிருந்து சிவந்து தெரிந்தது. இத்தனை வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டவன், அதை அன்றுதான் பார்த்தேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். "அடப்பாவி மனுசா" என்றாள், சிரித்துக்கொண்டிருந்தாள்! இன்னொரு கையால் டார்ச்சை உருவி, பின்மூடியைத் தளர்த்தி அணைத்துவிட்டு, சாமியார் இன்னும் வாயடைத்து நிற்பதைப் பார்த்து, சபை பாட வேண்டிய பதிலை அவளே எடுத்துப் பாடினாள். அந்த இருட்டில், டிசம்பரிலிருந்து நான் கேட்காத அந்தக் குரல் கூரை வரை போனது. பிறகுதான் எல்லோரும் பாடினார்கள், சாமியாரும் பாடினார், மெழுகுதிரி ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பாடவில்லை. என்னால் முடியவில்லை.

இந்த வாரத்திலேயே இரண்டு நாள் சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள், நான்தான் இறக்கிவிட்டேன். சிலுவையம்மாளுக்கு முட்டிவலி குறைந்துவிட்டதாம், வாழைப்பழச் சீப்போடு வந்தது. அந்தம்மா சொல்லி இன்னும் சிலர் வருகிறார்கள். எல்லோரும் கதவைத் தட்டுகிறார்கள், ஏனென்றால் பெரிய சனிக்கிழமையிலிருந்து எங்கள் காலிங் பெல் அடிப்பதில்லை. அந்தக் கட்டையின் வீரியம் எங்கள் பெல் வரைக்கும் பாய்ந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சாமியார் கூப்பிட்டனுப்பி, இனிமேல் அதைக் கோவிலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று கண்டித்தார். கண்டித்து முடித்து, குரலைத் தாழ்த்தி, என்ன கட்டை என்று கேட்டார். லித்தியம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். உனக்கும் அதையே சொல்கிறேன்: சாதாரணக் கட்டை பெல்லுக்குத்தான் லாயக்கு. உயிரை ஒப்படைக்க வேண்டுமானால் லித்தியம் ஒன்றுதான்.

நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல், எப்போதும் வெளிச்சத்தில் நடக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடும்,

உன் மச்சான்,
லூயிஸ்.

பி.கு: தம்பி, நான் அக்கா எழுதறேன். கவரை ஒட்டப் பசை வாங்க உன் மச்சான் போயிருக்கிறார். கடியாரம் கருகினதிலிருந்து எனக்குப் பயம். சனிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்த லித்தியத்தை உருவி, காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடிவிட்டேன். பெல்லில் இருந்த சாதாக் கட்டையை எடுத்து டார்ச்சில் போட்டேன். அன்னைக்கு எரிஞ்சதும் அதுதான், இன்னைக்கு வரைக்கும் எரிவதும் அதுதான். இன்னொண்ணு, படியில் நான் பக்தியாக இறங்கினதாக எழுதியிருக்கிறாரே. மனுசன் பின்பக்கமா நடந்துகினு வெளிச்சம் முழுக்க என் மூஞ்சிலயே அடிச்சார், படி எங்கே தெரியும்? ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிகினு, அவர் தோளைப் பிடிச்சுகினுதான் இறங்கினேன். இப்பவும் அப்படித்தான் இறங்கறேன். நீ எதையும் அவரிடம் சொல்லிவிடாதே.