வண்டி ஆறக்கூடாது

நாலாவது தடவையும் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குழந்தைவேல் பிக்கப்பின் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மலரு, ஒரு தள்ளு தள்ளு புள்ள."

வண்டிக்குப் பின்னால் நின்றிருந்த அவர் மனைவி மலர் முந்தானையை இடுப்பில் செருகினாள். ஒரு வருடமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு அவள் பார்க்கிற வேலை இது.

"தள்றேனுங்க. ஆனா இதுதான் கடைசி. நாளைக்கும் இந்த வண்டி நம்ம வாசல்ல நின்னுச்சுன்னா, முதல் பஸ்ஸுக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன். அந்த பஸ்ஸாவது தள்ளாம கிளம்பும்."

"இன்னைக்குத்தான் வாங்கறதுக்கு ஆள் வருதே."

"வந்தா?"

"வித்துருவேன்."

"ஸ்டார்ட் ஆகாதுன்னு சொல்லி விப்பீங்களா, சொல்லாம விப்பீங்களா?"

குழந்தைவேல் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

நாகலூர்ச் சரிவில் வண்டி இருபதடி உருண்டு, இருமி, குலுங்கி, ஒருவழியாக உறுமியது. நிறுத்தாமல் ஒண்டிக்கடை முக்கிலிருக்கும் மெக்கானிக்கிடம் ஓட்டினார்.

ஏற்காட்டு ஓட்டல்களுக்குக் காய்கறி கொண்டுபோய்ப் போடுவது அவர் தொழில். போன வருடம் சேலத்துப் புரோக்கர் ஒருவரிடம் இந்தப் பழைய பெட்ரோல் பிக்கப்பை வாங்கினார். ஓடத் தொடங்கிவிட்டால் தங்கமான வண்டி. ஓடத் தொடங்குவதுதான் பாடு. இவருடைய தக்காளி போய்ச் சேர்வதற்குள் ஓட்டல்காரர்கள் தக்காளி இல்லாத குழம்புக்கு மாறியிருப்பார்கள்.

ஒண்டிக்கடை மெக்கானிக் மணிகண்டன் இதுவரை மூன்று தடவை நோய் கண்டுபிடித்திருந்தான். முதல் தடவை பேட்டரி என்றான். புதுசு போட்டார்கள். இன்ஜின் முன்னைவிட வேகமாகச் சுற்றியது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. அடுத்து பிளக் என்றான். அதற்கடுத்து ஃபில்டர். இன்றைக்குச் சேலத்திலிருந்து பிரஷர் பார்க்கிற மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தான். அதை பெட்ரோல் பைப்பில் மாட்டி இன்ஜினை நிறுத்தினான். முள் மெதுவாகச் சரிந்து, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"இப்பத்தானுங்க ஆப்புட்டுச்சு," என்றான் மணிகண்டன் சந்தோஷமாக. "டேங்குக்குள்ள ஒரு பம்ப்பு இருக்குது. அது பெட்ரோல மேல தள்ளுது. வண்டிய நிறுத்துனதும் பெட்ரோல் திரும்பிப் போகாம ஒரு வால்வு புடிச்சுக்கோணும். உங்குளுது புடிக்க மாட்டேங்குது. வண்டி நல்லா ஆறுறதுக்குள்ள பைப்பு காலி. அப்புறம் எவ்வளவு சுத்துனாலும் இன்ஜினுக்கு வெறும் காத்துதான் போகும்."

"சரி, மாத்திரு."

"பம்ப்போடதான் மாத்தோணும். சேலத்துல சொல்லி வெச்சா நாலு நாளாகும்."

"பத்து மணிக்கு ஆள் வருது, மணி."

மணிகண்டன் கையைத் துடைத்தபடி யோசித்தான். "அப்ப வண்டிய ஆறவிடாதீங்க. சூட்டோட இருந்தா ஒரே தட்டுல எடுக்கும். அரைமணிக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருங்க. ஆனா ஒண்ணு. விவரம் தெரிஞ்ச ஆளா இருந்தா, முதல்ல பானெட்டு மேலதான் கை வெப்பாரு. சூடா இருந்துச்சுன்னா, என்னத்தையோ மறைக்கறாங்கன்னு கிளம்பிடுவாரு."

"உள்ள சூடா இருக்கோணும். வெளிய ஜில்லுனு இருக்கோணும்."

"அவ்வளவுதானுங்க," என்றான் மணிகண்டன், ஏதோ ரொம்பச் சுலபமான காரியம்போல.

பத்து மணிக்கு போன் வந்தது. வாங்க வருகிறவர் பெயர் மாதப்பன். அடிவாரத்திலிருந்து மனைவியோடு பஸ் ஏறியிருந்தார். மலைப்பாதை வளைவில் டூரிஸ்ட் வண்டிகள் மாட்டிக்கொண்டு பஸ் நிற்கிறதாம், ஒரு மணி நேரமாகுமாம்.

குழந்தைவேல் அந்த ஒரு மணி நேரமும் நாகலூரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் மளிகைக்கடைக்காரர், எதையாவது தேடுகிறீர்களா என்று விசாரித்தார். ஆறாவது சுற்றில் ஒன்றும் கேட்காமல் வெறுமனே பார்த்தார்.

பதினொன்றேகாலுக்குப் பஸ் சத்தம் கேட்டதும் வண்டியை வாசலில் நிறுத்தி பானெட்டைத் தொட்டார். தோசை வார்க்கலாம். கோணிச்சாக்கு ஒன்றைத் தண்ணீரில் முக்கி அதன் மேல் விரித்தார். சுர்ரென்றது. படியேறி ஆட்கள் வருவது தெரிந்ததும் சாக்கை உருவித் தென்னங்கன்றின் மேல் வீசினார். பானெட்டிலிருந்து ஆவி பறந்தது.

மாதப்பன் ஒல்லியாக, அறுபதுக்குக் கிட்டத்தில் இருந்தார். அவருக்குப் பின்னால் துணிப்பையோடு அவர் மனைவி காவேரி.

"என்னங்க, புகையுது?" என்றார் மாதப்பன்.

"பனிங்க. ஏற்காட்டுல இப்படித்தானுங்க திடீர்னு இறங்கும்."

அன்றைக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மாதப்பன் மேலே ஒருமுறை பார்த்தார், பானெட்டை ஒருமுறை பார்த்தார். கை வைக்கவில்லை.

"வெயில் நொம்பச் சுடுதுங்க, வண்டிய நெழலுக்கு மாத்திடறேன்," என்றார் குழந்தைவேல். பனி என்று சொல்லி அரை நிமிடம் ஆகவில்லை. தாவி ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒரே தட்டு, வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் பலாமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டுபோய், மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்திவிட்டார். இறங்கிய பிறகுதான் உறைத்தது. இனி வண்டி நின்றுபோனால் உருட்டச் சரிவும் கிடையாது, பின்னால் மரம்.

"நல்லா எடுக்குதுங்களே," என்றார் மாதப்பன்.

"எப்பவுமே இப்படித்தானுங்க. வாங்க, ஓட்டிப் பாருங்க."

"பாக்கலாமுங்க. என்ன அவசரம். மொதல்ல ஒரு காப்பித்தண்ணி குடுங்க."

மலர் உள்ளே திரும்பினாள். குழந்தைவேலுக்கு வழி கிடைத்துவிட்டது. "பால் இல்லீங்க. வண்டியில போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"அடுப்புல பொங்கிக்கிட்டிருக்குதே," என்றாள் மலர்.

"அது பத்தாது."

போய் வந்தார். மாதப்பன் நிழலைக் கைகாட்டியதால் மறுபடி அதே பலாமரத்தடியில்தான் நிறுத்த வேண்டியிருந்தது. இந்தத் தடவை இன்ஜினை அணைக்காமலே பால் பாக்கெட்டோடு இறங்கினார். மாதப்பன் எழுந்து வந்து, ஜன்னல் வழியே கையை விட்டு இன்ஜினை அணைத்தார்.

"பெட்ரோலு வீணா எரியுதுங்களே," என்றபடி சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

குழந்தைவேலின் முதுகில் முதல் வேர்வைத் துளி இறங்கியது.

அதன்பின் மாதப்பன் அவசரப்படவே இல்லை. காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். வண்டியைச் சுற்றி வந்து, கதவை ஒருதரம் திறந்து மூடினார். கொல்லையில் மேராக்காய், அதாவது சௌசௌ, படர்ந்த பந்தலைப் பார்த்து, எந்த மாசம் நட்டீர்கள் என்று கேட்டார். காவேரி அதன் பக்குவம் பற்றி மலரிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். குழந்தைவேல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நழுவிப்போய், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இறங்கிக்கொண்டே வந்தது. உலகத்தில் அதற்காகக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

"ஓட்டிப் பாத்துரலாமுங்களா?" என்றார் மூன்றாவது முறையாக.

"ஊட்ல சோறு ஆச்சுங்களா?" என்று கேட்டார் மாதப்பன்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மேராக்காய்க் கூட்டு நன்றாக இருக்கிறது என்று மாதப்பன் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். மலர் கரண்டியோடு அவர் முன்னால் நின்றாள். அவளுக்கு மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு பரிமாறத் தெரியாது.

"ஏனுங்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

குழந்தைவேலுக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, சோறும் இருந்தது.

"ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள் மலர்.

சாப்பிட்டு முடித்ததும் மாதப்பன் கூடத்துப் பாயில் சாய்ந்தார். சாய்ந்தவர் தூங்கியும் போனார். சட்டைப்பையில் சாவி வளையம் பாதி வெளியே தெரிந்தது. குழந்தைவேல் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலை நீட்டினார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மலர், கதவருகிலிருந்து.

"கொசு."

"சாவிக்கொசுவா?"

அவள் அவரைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பாவம், அந்தப் பெரியவரு பஸ் ஏறி வந்திருக்காரு. அந்தக்காவும் நல்ல பொம்பளை. நாளைக்கு அவங்க ஊட்டு வாசல்ல அந்தக்கா முந்தானைய செருவிக்கிட்டுத் தள்ளுமா? எனக்கே இடுப்பு விட்டுப்போச்சு, அதுக்கு என்ன வயசு?"

"சொன்னா வாங்க மாட்டாங்க, மலரு. நீ உங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவ."

"போனா வந்து கூட்டிக்கங்க. பஸ்ஸுல வாங்க."

மூன்று மணிக்கு மாதப்பன் எழுந்து முகம் கழுவினார். "இப்பப் பாத்துரலாமுங்க," என்று பலாமரத்தடிக்கு நடந்தார். பானெட்டு, பக்கத்திலிருந்த பாறை மாதிரி குளிர்ந்து கிடந்தது. இப்போதுதான் முதல்முறையாக அதன்மேல் உள்ளங்கையை வைத்தார் மாதப்பன். தலையை ஆட்டிக்கொண்டு, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

குழந்தைவேல் கதவைப் பிடித்துக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேராக்காய்ப் பந்தலடியில் காவேரி பையை விரித்துப் பிடிக்க, மலர் காய் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருங்க," என்றார் குழந்தைவேல். "நான் காலையிலயே சொல்லியிருக்கோணும். இது ஆறிடுச்சுன்னா ஸ்டார்ட் ஆகாதுங்க. டேங்குக்குள்ள வால்வு போச்சு. தெனமும் எங்க ஊட்டம்மாதான் தள்ளுது. இன்னைக்கு நீங்க வர்றதுக்கு முன்னால நாகலூரையே ஏழு சுத்து சுத்தி சூடு பண்ணி வெச்சேன். பனியும் இல்லீங்க, அது சாக்குத் தண்ணி. வேண்டாம்னா சொல்லிடுங்க, நானே உங்கள பஸ் ஏத்திவிடறேன்."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். மலர் பறிப்பதை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். தள்ளாமலே வண்டி ஓடினால்கூட அவள் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

மாதப்பன் "சரிங்க" என்றார். அவ்வளவுதான். சாவியைப் போட்டுப் பாதி மட்டும் திருப்பினார். வண்டியின் வயிற்றுக்குள் பம்ப் இரண்டு விநாடி முனகி ஓய்ந்தது. அணைத்தார். மறுபடி பாதி திருப்பினார். மறுபடி முனகல். இப்படி ஐந்து தடவை, அவசரமில்லாமல், காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரவழைத்தார். ஆறாவது தடவை முழுசாகத் திருப்பினார்.

ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது வண்டி.

குழந்தைவேல் வாயைத் திறந்தபடி நின்றார். மாதப்பன் வண்டியைப் பலாமரத்தை உரசாமல் லாகவமாகத் திருப்பி, சரிவில் இறக்கி, வளைவைத் தாண்டி மறைந்தார். ஹாரன் சத்தம் மட்டும் இரண்டு தடவை கேட்டது, குழந்தை விளையாடுகிற மாதிரி.

"வாங்கிக்கறாருங்க," என்றாள் காவேரி, பையை முடிந்தபடி. "மூணு மாசமா இதத் தேடித்தானுங்க அலையறாரு. வாட்ஸப்புல நீங்க போட்ட வண்டி போட்டோவப் பாத்ததுலேர்ந்து ஊட்டுல சோறு தண்ணி இல்ல."

"இந்த ஓட்டை வண்டியவா?" என்றாள் மலர்.

காவேரி குழந்தைவேலின் நனைந்த சட்டையைப் பரிவோடு பார்த்தாள்.

"நீங்களாச்சும் வாயத் தொறந்து சொன்னீங்க. போன வருசம் இதே வண்டிய நாங்க புரோக்கருக்கு வித்தப்ப, இவரு பொழுதனைக்கும் வேர்த்துக்கிட்டே நின்னாரே ஒழிய, ஒரு வார்த்தை சொல்லலீங்க."